சொந்தம் என்றால் வெளியே

என் வீட்டுக்காரர் நேர்மையானவர். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நேர்மையான மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். அவருக்கு ரயில்வேயில் சாமான் கொட்டகையில் வேலை. அங்கிருந்து ஓர் ஆணிகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் ரயில்வே விறகில் சோறாக்கினார்கள். நான் மட்டும் விறகை விலைக்கு வாங்கினேன். "ஒன் புருஷன் தர்மராசால்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுச் சுவர். உள்ளே பேசுவது வெளியே கேட்கும், வெளியே நிற்பவர்கள் உள்ளே தெரிவார்கள். அதை நடத்த ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஒன்று உண்டு. வருஷா வருஷம் பெற்றோர் எல்லாரும் கூடிக் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் வந்துவிடுவார். எங்கள் வட்டாரத்துச் சாமான் கடை முதலாளிதான் எப்போதும் தலைவர். அரிசி பருப்புக்கு நாளைக்கு அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்? அவருக்கு எதிராக யாருக்குக் கை எழும்?

ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றினார்கள். புதுக் கூரை முதல் மழைக்கே பிள்ளைகள் தலையில் ஒழுகியது. விசாரித்தால், அத்தாப்பு கொண்டுவந்து போட்டவன் ஒரு கமிட்டிக்காரருக்கு வேண்டியவன். கேட்டதற்கு அந்த மனுஷர், "அவன் எனக்குச் சொந்தமா என்ன? ஒரே கப்பல்ல வந்தோம், அவ்வளவுதான்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்! அவர் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து வந்தவனே அந்த அத்தாப்புக்காரன்தான். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மலாயாவுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு இது சகஜம். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். ஆனால் பிள்ளைக்குக் காது குத்த ஒரு தாய்மாமன் மடி வேண்டும், பெண் பெரியவளானால் சீர் கொண்டுவர ஆள் வேண்டும். அதனால் ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்தவனையோ, கூட வேலை செய்பவனையோ அண்ணன் என்று நிறுத்திவிடுவோம். அப்படி நிறுத்திய பிறகு அது விளையாட்டில்லை. ரத்த சொந்தத்துக்கு ஒரு படி மேலேதான் வைத்துப் பார்ப்போம்.

கூரை ஒழுகிய கோபத்தில்தான் என் வீட்டுக்காரர் கமிட்டியில் ஒரு விதி கொண்டுவந்தார். ஒருவருடைய சொந்தக்காரர் விஷயம் பேச்சுக்கு வந்தால் அந்தக் கமிட்டிக்காரர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், கை தூக்கக் கூடாது. சடங்கில் முறை செய்தவரும் சொந்தம்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர்தான் பிடிவாதம் பிடித்துச் சேர்த்தார். அதன்பிறகு இரண்டொருவர் அப்படி எழுந்து போய், மரத்தடியில் சுருட்டுப் பிடித்துவிட்டு வந்தார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு களை!

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இருந்தாள். என்னைவிட இளையவள். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் தற்காலிகமாக என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருக்கவும் விட்டார்கள். ஒரு பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். "தம்பியப் பாத்துக்க ஆளில்லேன்னா தம்பியையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்கக்கா. மூலையில படுக்க வச்சுக்கலாம்" என்பாள். அப்படித்தான் எங்கள் வரிசைப் பெண்பிள்ளைகள் நாலெழுத்துப் படித்தார்கள், என் மகள் உட்பட. பாடம் நடக்கும்போதே ஏதாவது ஒரு கைக்குழந்தை வீறிடும்; அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுவாள்.

அது ரப்பர்க் கித்தா விலை விழுந்து கிடந்த காலம். தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். வேலை போனவருக்கு அடுத்த வழி கிள்ளான் துறைமுகம், நாகப்பட்டினக் கப்பல். டீச்சருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஊரில் இருந்தவர்கள் புருஷன் வீட்டார் மட்டும்தான். மகனை முழுங்கினவள் என்று அவளை ஏசியவர்கள். "அந்த வீட்டு வாசப்படிய மட்டும் மிதிக்க விட்டுறாத சாமின்னு தினம் கும்பிடுறேங்க்கா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இந்த நேரத்தில்தான், தற்காலிகம் எல்லாம் இனி ஆகாது, ஒருவரை நிரந்தரமாகப் போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கமிட்டியில் இரண்டு பேர் டீச்சருக்கே கொடுக்கலாம் என்றார்கள். தலைவரும் இன்னொருவரும் ஆம்பிளை வாத்தியார்தான் வேண்டும் என்றார்கள். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் கை. அது யாருக்கு என்று ஊருக்கே தெரியும். டீச்சரிடம் அவரே சொன்னார்: "பயப்படாதேம்மா, நான் உள்ள இருக்கேன்ல."

இதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு பெண் தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து வேலை போனவன். முதலாளியின் சாமான் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார்கள். "அண்ணே, எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இங்க இல்ல. எம் பொண்ணுக்குக் காது குத்தணும். நீங்கதான் மடி குடுக்கணும்" என்று அழாத குறையாக நின்றாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் போனதும், "இத்தனை நாள் இல்லாத அண்ணன் பாசம் இப்ப எங்கேருந்துங்க பொத்துக்கிட்டு வருது?" என்றேன்.

"ஒரு பொண்ணு தட்டோட வந்து அண்ணன்னு கூப்பிடுது. கதவச் சாத்தச் சொல்றியா? ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று அடக்கிவிட்டார்.

பக்கத்து மாரியம்மன் கோயிலில் காது குத்து நடந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு, மடி கொடுத்த என் வீட்டுக்காரர் வேட்டியை நனைத்துவிட்டது. மனுஷர் அதற்கு அப்படிச் சிரித்தார். எங்களுக்குத் தங்கச்சி மகள் என்று ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்?

குழந்தையின் காதுப் புண் ஆறவில்லை, கிராணி வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டான்.

"பாத்தீங்களா! மச்சான் மச்சான்னு வந்து நிப்பான் பாருங்க, அவனுக்குக் கை தூக்கச் சொல்லி" என்று குதித்தேன்.

"வரட்டுமே. டீச்சருக்குத்தான் தூக்குவேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறேன்" என்றார்.

அவன் வரவேயில்லை. வந்து கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் வராதது ஏன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்தன்று நானும் டீச்சரும் இடுப்புச் சுவருக்கு வெளியே நின்றோம். கிராணியின் மனைவியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். பேச்சு முடிந்து கை தூக்கும் நேரம் வந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நிமிசம்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்ணே."

"நானா? எதுக்கு?"

"கிராணி மகளுக்கு மடி குடுத்தது நீங்கதானே? சடங்குல முறை செஞ்சவரும் சொந்தம்தான். நீங்க கொண்டாந்த விதிதானே?"

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போனது.

"நான் அவருக்கு எதிராத்தான் கை தூக்கப் போறேன். வேண்டியவனுக்குச் சாதகமா செய்யக் கூடாதுன்னுதானே அந்த விதி?"

"சாதகமோ பாதகமோ, சொந்தம்னா வெளிய. அப்படித்தானே நீங்க சொன்னீங்க? ஒங்க விதிப்படி போனவங்க எல்லாம் எந்தப் பக்கம் கை தூக்குவாங்கன்னு கேட்டுட்டா அனுப்பினோம்?" தலைவர் குரலில் தேன் ஒழுகியது. "இல்லே, ஒண்ணு செய்யலாம். அந்தப் பிள்ளை எனக்குச் சொந்தமில்லே, அந்த முறையெல்லாம் சும்மான்னு இங்க எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தாராளமா உக்காருங்க."

சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் தலையைத் திருப்பிச் சுவருக்கு வெளியே பார்த்தார். கிராணியின் மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அண்ணன் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் மட்டும் இருந்தது.

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எங்களைத் தாண்டி மரத்தடிக்குப் போய்விட்டார்.

உள்ளே இரண்டுக்கு இரண்டு வந்தது. சரிசமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. வேலை கிராணிக்குப் போனது. பின்னால் இருந்த அறையும் இனிப் புது வாத்தியாருக்கு என்றார்கள். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் போய் அடுப்பப் பத்த வைக்கணுங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தேன் சண்டை.

"ஒரு வார்த்தை! சொந்தமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்க நாக்கு அழுகிடுமா?"

"அந்தப் பொண்ணு அங்க நின்னுச்சு" என்றார். "அதுவுமில்லாம விதி நான் கொண்டாந்தது. மத்தவங்களுக்கெல்லாம் ஆகும், எனக்கு மட்டும் ஆகாதுன்னா அதுக்குப் பேரு விதியா?"

"அப்ப டீச்சரோட கதி?"

அவர் சோற்றைத் தொடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிராணியின் மனைவி வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "அண்ணி, அண்ணன் வேணும்னு நான் ஆசப்பட்டது நெசம். சத்தியமா நெசம். ஆனா யாரப் போயிக் கேக்கணும்னு சொன்னது முதலாளியும் எம் வீட்டுக்காரரும். எதுக்குன்னு எனக்குத் தெரியாது அண்ணி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கையைத் தங்கள் பக்கம் தூக்க வைப்பதற்காகச் சொந்தம் கொண்டாட வரவில்லை. தூக்கவே விடாமல் வெளியே அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள். இந்த மனுஷர் விதியை மீறமாட்டார், தட்டோடு வந்தவளையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அதை நம்பித்தான் எல்லாமே செய்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் நேர்மையை அந்தப் பாவிகள் நம்பிய அளவுக்கு நான்கூட நம்பியதில்லை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். குழந்தை என் வளையலைப் பிடித்து விளையாடியது.

டீச்சர் வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்திலும் ஆள் எடுக்கவில்லை. வீட்டு வேலைக்குக்கூடக் கூப்பிடுவார் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து இரு என்றேன். "எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டாள். கடைசியில் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

துறைமுகத்துக்கு ரயிலேற்றிவிட நாங்கள் இரண்டு பேரும் போனோம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு தோட்டத்து ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். இவள் கையில் ஒரே ஒரு தகரப் பெட்டி. என் மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்தேன். என் வீட்டுக்காரர் பெட்டியை வண்டிக்குள் ஏற்றி வைத்துவிட்டு இறங்கி, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அம்மா, நான் ஒனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"இல்லண்ணே, நீங்க தப்பே பண்ணல" என்றாள் டீச்சர் சன்னலோரம் உட்கார்ந்தபடி. "அதுதான் எனக்குத் தாங்கல. தப்புப் பண்ணியிருந்தா ஒங்களத் திட்டித் தீத்துட்டாவது கப்பலேறுவேன்."

கார்டு விசில் ஊதினான். அவள் சன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள்.

"ஆனா ஒண்ணுண்ணே. அன்னைக்கு அந்தப் பிள்ளையோட அம்மா மொகத்தப் பாத்தீங்க, எழுந்திருச்சீங்க. நானும் அதே சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். எம் மொகத்தையும் ஒரு தடவ பாத்துட்டு எழுந்திருச்சிருக்கலாம்."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நாலு அடி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அப்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.