பிப்பெட்டில் நின்ற கால் சி.சி. தண்ணீர்

என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது அப்பா இரண்டு நிபந்தனைகள் போட்டார். முதலாவது, இன்டர்மீடியட்டை முதல் தடவையிலேயே பாஸ் பண்ண வேண்டும். ஒரே ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும், கும்பகோணத்திலிருந்து வந்து காத்துக்கொண்டிருக்கும் ஜாதகத்துக்குச் சரி என்று எழுதிவிடுவார். இரண்டாவது, அங்கே எச்சில் கலக்கக் கூடாது.

"எச்சில் பண்ணிண்டு வரேன்னு தெரிஞ்சுதோ, அன்னியோட காலேஜ் நின்னுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா கோபமாகச் சொன்னால் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார். சாதாரணமாகச் சொன்னால்தான் பயம்.

எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய சாஸ்திரம். தண்ணீரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். டம்ளரில் உதடு பட்டால் அதை அலம்பாமல் மறுபடி எடுக்கக் கூடாது. பட்டது என்னுடைய உதடே ஆனாலும் சரி. சட்டம் போடுவது அப்பா, அமல் செய்வது அம்மா. தினமும் சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்ததும் அம்மா நிலைப்படியில் நின்று, "எச்சில் பண்ணலையே?" என்று கேட்பாள். "இல்லை" என்று சொன்னால்தான் உள்ளே வழி.

இந்த ஏற்பாட்டோடு நான் ரசாயனம் எடுத்துக்கொண்டேன். எனக்கு மேலே படிக்க வேண்டும், அதுவும் ரசாயனம்தான் படிக்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. கல்லூரி கடற்கரையை ஒட்டி இருந்தது. சோதனைச்சாலையின் ஜன்னல்களைத் திறந்தால் உப்புக் காற்று வரும், மூடினால் கந்தக நாற்றம் வரும். திறந்தே வைத்திருந்தோம்.

அமிலத்தையும் காரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து அளப்பதற்கு டைட்ரேஷன் என்று பெயர். பலம் தெரியாத அமிலத்தைச் சரியாக இருபது சி.சி. எடுத்துக் குடுவையில் விட வேண்டும். அதில் நிறம் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து, பலம் தெரிந்த காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசிச் சொட்டில் குடுவை ரோஜா நிறமாகும். எவ்வளவு சோடா செலவானது என்று பார்த்து, அமிலத்தின் அளவையும் பலத்தையும் பெருக்கினால் சோடாவின் அளவையும் பலத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்று கணக்குப் போட்டால், அமிலத்தின் பலம் வந்துவிடும். கணக்கு குழந்தைக்குக்கூட வரும்.

சங்கடம் அந்த இருபது சி.சி.யை எடுப்பதில்தான். அதற்குப் பிப்பெட் என்று ஒரு குழாய். ஒரு முனையை அமிலத்தில் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அதைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் மயிலாப்பூரில் பிறக்கவில்லை.

முதல் நாள் அதைப் பார்த்ததும் அப்பாவின் இரண்டாவது நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது. வகுப்பில் இருவருக்கு ஒரு பிப்பெட். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் சாந்தோமிலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண், நல்ல வாயாடி. அவள் வாய் வைத்த குழாயில் நான் வாய் வைக்க வேண்டும், நான் வைத்ததில் அவள் வைப்பாள். அன்று அரை மணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் தன் மூன்று தடவையையும் முடித்ததும் ஒரு முறை, பிறகு நான் உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும், பிப்பெட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நன்றாக அலம்பிவிடுவது. அலம்பினால் எச்சில் இல்லை. அம்மாவுக்கும் பொய் சொல்ல வேண்டாம்.

"இன்னாடி, இதுக்குத் தெனம் எண்ணெய்க் குளியலா?" என்பாள் சாந்தோம்காரி.

"உனக்கென்னடி, நீ உன் வேலையைப் பாரு" என்பேன். அவளுக்கு நான் குளிப்பாட்டுவது வசதியாகத்தான் இருந்தது. அவள் முறை முதலில் முடிந்துவிடும். அலம்புவது என் பாடு.

லெக்சரர் அம்மாள் என் சுத்தத்தை மெச்சி வகுப்பில் பேசினார். ஆனால் என் விடை மட்டும் சரியாக வரவில்லை. ஒரே புட்டி அமிலம். சாந்தோம்காரிக்கு இருபது சி.சி. சோடா செலவாகும்; எனக்குப் பத்தொன்பதே முக்கால். மறுபடி செய்தாலும் பத்தொன்பதே முக்கால். மூன்றாவது தடவையும் அதேதான். மூன்றும் ஒத்து வந்தால் சரி என்று புத்தகத்தில் போட்டிருந்தது, எனக்கு ஒத்து வந்துகொண்டே இருந்தது.

"ஒரே தப்பை மூணு தடவையும் இவ்வளவு ஒழுங்காப் பண்றதுக்கு உன்னாலதான் முடியும்" என்றார் லெக்சரர். "பரீட்சையில கால் சி.சி. தள்ளிப் போனா பாதி மார்க் போச்சு. உன் எழுத்துப் பேப்பரும் அப்படியொண்ணும் பிரமாதமில்லை. பிராக்டிகல்ல விட்டா நீ தேறமாட்டே."

கும்பகோணம் ஜாதகம் என் கண் முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, நல்ல குடும்பம், யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். குறை இருந்தாலாவது பிடித்துக்கொள்ளலாம்.

பியூரெட்டை மாற்றிப் பார்த்தேன். கண்ணை மாற்ற முடியாததால், அளவைச் சாந்தோம்காரியைப் பார்க்கச் சொன்னேன். "பத்தொம்போதே முக்கால்தாண்டி" என்றாள், துக்க வீட்டில் பேசுகிற குரலில். எழுத்துத் தேர்வுக்கு பஃபர் கரைசல் படித்தேன். அதில் கொஞ்சம் அமிலம் விட்டாலும் மாறாது, கொஞ்சம் காரம் விட்டாலும் மாறாது. அப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பாடம் மட்டும் உடனே விளங்கியது. ஓர் அளவுக்கு மேல் விட்டால் மாறும் என்றும் எழுதியிருந்தது. அப்பா விஷயத்தில் அந்த அளவு வரைக்கும் யாரும் விட்டுப் பார்த்ததில்லை.

பிராக்டிகலுக்கு முந்தின வாரம், ஒரு காலை, வாசலில் அம்மாவுக்கும் பால்காரருக்கும் சண்டை. இது தினசரி நடப்பதுதான். அவர் மாட்டை எங்கள் வாசலிலேயே கறந்து, உழக்கால் அளந்து எங்கள் பாத்திரத்தில் ஊற்றுவார். அன்று உழக்கை எங்கள் குழாயில் கழுவிவிட்டு, அப்படியே பாலை மொள்ளப் போனார்.

"உழக்கைக் கவுத்து உதறும்!" என்று அம்மா கத்தினாள்.

"இப்பத்தாம்மா கழுவினேன். சுத்தமா கீது பாரு."

"சுத்தமாத்தான் இருக்கு, காலியா இல்லையே! அடியில தண்ணி நிக்கறது. உழக்குக்கு உழக்கு அதையும் பால்னு அளந்துடுவீர்."

"இன்னாமா நீ, ஒரு சொட்டு தண்ணி கீது, அதுக்குப் போயி இந்தக் கூவு கூவுறே!"

நான் காப்பி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிப்பெட்டும் சுத்தமாகத்தான் இருந்தது. காலியாக இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் அலம்பின தண்ணீர் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது, கால் சி.சி. இருக்கும். அதன் மேல் அமிலத்தை உறிஞ்சினால் இருபதில் கால் சி.சி. தண்ணீர், அமிலம் பத்தொன்பதே முக்கால்தான். ஐயோ, ஒரு வருஷமாக நான் அமிலத்தில் தண்ணீர் கலந்து அளந்துகொண்டிருந்தேன்! சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அப்போது குளித்து, யாரும் தொடக் கூடாத மடியாக இருந்ததால் முடியவில்லை.

சந்தோஷம் தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. தண்ணீரால் அலம்பினால், அதற்குப் பிறகு கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சி உள்ளே அலசிக் கொட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் போகும். ஆனால் அலசுவதற்கும் உறிஞ்சத்தான் வேண்டும். உறிஞ்சினால் எச்சில். எச்சிலானால் அலம்ப வேண்டும். அலம்பினால் தண்ணீர். லஸ் முனையிலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு நடந்தேன். எங்கேயாவது ஓர் இடத்தில் அலம்பாமல் விட்டால்தான் விடை வரும். அலம்பாமல் விட்டால் அப்பாவின் இரண்டாவது நிபந்தனை போச்சு. அலம்பினால் முதலாவது போச்சு. எந்தப் பக்கம் போனாலும் என் படிப்புதான் அடிபட்டது. அழுகை அழுகையாக வந்தது.

பரீட்சையன்று வெளியூரிலிருந்து தலைப்பாகை கட்டிய பரீட்சகர் ஒருவர் வந்திருந்தார். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு பிப்பெட், நம்பர் போட்ட அமிலப் புட்டி. எனக்கு முன்னால் எத்தனை பேர் வாய் வைத்த பிப்பெட்டோ, தெரியாது. முதலில் தண்ணீரால் அலம்பினேன். பிறகு அமிலத்தை உறிஞ்சி அலசிக் கொட்டினேன். அதன் பிறகு ஒழுங்காக இருபது சி.சி. எடுத்துக் குடுவையில் விட்டேன். உடனே என் வலது கை பிப்பெட்டோடு குழாயடிப் பக்கம் தானாகப் போயிற்று. பழக்கம். இடது கையால் அதைப் பிடித்து இழுத்தேன். பரீட்சகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

அலம்பவில்லை. இரண்டாவது தடவையும் அதே வாய், அதே குழாய். பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சி நாக்கில் அமிலம் பட்டது. புளித்தது, அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பரீட்சை அமிலத்துக்கு மூன்று தடவையும் இருபத்தொன்றே கால் சி.சி. சோடா செலவானது. அந்த அமிலத்தைக் கலந்து வைத்த லெக்சரர் என் பின்னால் நடந்துபோனபோது, விடையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் சாந்தோம்காரி, "இன்னாடி, இன்னிக்குக் குளியல் லீவா?" என்றாள்.

"சும்மா இருடி" என்றேன். எனக்கு வீட்டு நிலைப்படி நினைப்பு.

அம்மா வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். "எச்சில் பண்ணலையே?"

பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "பண்ணினேம்மா. அலம்பலை. அலம்பினா தண்ணி நிக்கறது, கணக்குத் தப்பாப் போறது. உழக்கு மாதிரிதான்."

அம்மா நிலைப்படியிலிருந்து விலகவில்லை. அவள் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சரியா வந்துதா?" என்று கேட்டாள்.

"வந்துது."

"போய்க் குளி."

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், சாதாரணமாகத்தான். "பரீட்சைன்னா நாலு பேர் தொட்ட சாமான் இருக்குமே. எச்சில் கிச்சில் ஒண்ணும் கலக்கலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஒவ்வொரு தடவையும் அலம்பிட்டாளாம். நான் கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் இலையில் மோர் விட்டாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மோர் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

நான் தேறினேன். கும்பகோணம் ஜாதகம் பொருத்தமில்லை என்று திரும்பிப் போயிற்று. அதே கல்லூரியில் ரசாயனமே எடுத்து மேலே படித்தேன். அந்த வருஷங்களிலும் அம்மா ஒரு நாள் தவறாமல் நிலைப்படியில் நின்று, "எச்சில் பண்ணலையே?" என்று கேட்டாள். நானும் "இல்லை" என்றேன். முன்பெல்லாம் மெதுவாகத்தான் கேட்பாள். இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா காதில் நன்றாக விழுகிற மாதிரி, சத்தமாகக் கேட்டாள்.