வாய்ச்சண்டைக்கு ஓர் ஆள்

பஸ் சரியான நேரத்துக்கு வந்தாலும் திம்மப்பனுக்குப் பொறுக்காது. “இன்னாய்யா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்? மனுசன் டீ குடிக்க வேணாமா?” என்று படியில் ஒரு காலை வைத்தபடியே கம்பெனி பஸ் டிரைவர் கோவிந்தப்பனிடம் ஆரம்பிப்பார். தாமதமானால் அதற்கென்று வேறு சண்டை உண்டு. டிரைவர் கன்னடத்தில் திட்டினால் இவரும் கன்னடத்துக்கு மாறிக்கொள்வார். ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்குள் நுழையும்வரை ஓயமாட்டார்.

நாற்பத்தைந்து வயது. லேத் ஆபரேட்டர். கேன்டீன் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால், “நேத்து ஏன் இப்படிப் போடல?” என்பார். யாராவது, “சரிப்பா, நீ சொல்றதுதான் நியாயம்” என்று விட்டுக்கொடுத்துவிட்டால் முகம் வாடிப்போகும்.

போன வருடம் வந்த புது மேனேஜர், ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு இவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். திம்மப்பன் நேரே ஸ்டோர் ரூமுக்கு, என்னிடம் வந்தார்.

“தோள்மேல சிப்பு இருக்குதுன்றாரு சார். தட்டிப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல.”

லேத்தில் கடையும்போது சுருள் சுருளாக விழும் இரும்பை நாங்கள் சிப்ஸ் என்போம். இது வேறு என்றேன். தோளில் ஒரு மரச்சில்லை வைத்துக்கொண்டு, தைரியமிருந்தால் தட்டிவிடு பார்க்கலாம் என்று நிற்கிறவனை, சண்டைக்கு அலைகிறவனை, வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வான் என்று விளக்கினேன். மேனேஜர் அறைக்குப் பாய்வார் என்று பயந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வூட்ல இருந்திருந்தா தட்டி வுட்டிருப்பா சார்.”

மனைவி வெங்கடம்மாவைச் சொன்னார். பதினோரு வருடம் கூடவே வாழ்ந்து, ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுத்தவள். ஏழெட்டு வருடத்துக்கு முன், எண்பத்திரண்டில் போட்ட கடைசிச் சண்டை எதற்கென்று அவருக்கே நினைவில்லை. “போடின்னுட்டேன். அதுக்கு மட்டும் அவ பதில் பேசல.” மறுநாளே நாகரசம்பட்டிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அழைத்துவரப் போனவர் வாசலிலேயே மாமனாரோடு மல்லுக்கு நின்று, அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார். பிறகு போகத் துணிவு வரவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நானும் அவரும் நின்றிருந்தோம். எதிரே கிளம்பத் தயாராக நின்ற போச்சம்பள்ளி பஸ்ஸைப் பார்த்தவர், சட்டென்று என் முழங்கையைப் பிடித்தார். ஜன்னலோரம் வெங்கடம்மா. நெற்றியோரம் நரைத்திருந்தது. இழுத்துக்கொண்டு போவதுபோல என்னையும் கூட்டிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார்.

அவள்தான் பேசினாள். “இன்னா, இப்படி எளச்சிட்ட? சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியல, ஊரு ஒலகத்துக்கெல்லாம் நியாயம் பேசக் கெளம்பிடு! வாயி மட்டும் இருந்தாப் போதுமா?”

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். நான் திம்மப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைக் குனிந்தார். துளை மாறி மாட்டியிருந்த பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினார். பிறகு, அவள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்பதுபோல, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார்.