பொயிலையை விட்ட பிறகு

கடல் கடந்து அயனம்பாக்கத்துக்கு வந்த புதிதில், தெருமுனைக் கடையில் வெற்றிலையும் பொயிலையும் வாங்கிய என் கணவர், "மிச்சச் சாமானுக்குப் பேந்து வாறன்" என்றிருக்கிறார். கடைக்கார யூசுப் பாய் அலமாரியைத் துழாவிவிட்டு, "பேந்தா? அப்பிடி ஒரு பொயில நம்மகிட்ட இல்லியே அண்ணாத்தே" என்றாராம். எங்கள் ஊரில் 'பேந்து' என்றால் பிறகு என்று இவர் விளக்க, இருவரும் சிரித்திருக்கிறார்கள். தமிழ் பேசும் ஊரிலேயே தமிழுக்குப் பொருள் சொல்லும் வாழ்வு எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது.

கிளிநொச்சியில் இவர் கலியாண வீடுகளில் மட்டும் வெற்றிலை போட்டவர். வயலும் சொந்தங்களும் சூழ இருந்தவருக்கு அங்கே கதைக்க ஆள் குறைவில்லை. இங்கே அம்பத்தூர்ப் பட்டறையில் நாள் முழுக்க இயந்திரத்தோடு நின்றுவிட்டு, பாய் கடையில் சற்று நிற்காமல் வீடு திரும்பமாட்டார். போகப்போக, உறங்கும்போதும் கன்னத்தில் பொயிலை அடங்கியிருந்தது.

உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டு படர்ந்தது. "இது கேன்சர் இல்ல. ஆனா நீங்க நிறுத்தலன்னா ஆயிடலாம்" என்றார் டாக்டர். அன்றே விட்டார். கிராம்பும் சோம்பும் மடித்துக் கொடுத்தேன். கடையைத் தவிர்த்து வேறு தெருவால் வந்தார். ஆனால் வீட்டில் பேச்சே இல்லை. சோற்றுக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை மறுபடி அந்த வாடை.

"பொயிலைக்காகப் போகேல்லை. ஆரோடையாவது கதைக்கவேணும் போல இருந்தது. அங்கை நிண்டால் கை தானா நீளுது" என்றார்.

அவருக்குப் பொயிலையைவிட அந்தக் கடைவாசல்தான் தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் நானே போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்தார். "இனிமே நான் குடுக்க மாட்டேன் தங்கச்சி. எனக்கும் சுகரு கீது. காலைல தொழுதுட்டு ஏரிக்கரையில நடக்கச் சொல்லிக்கிறாங்க. தனியா போவ மனசு வரல. அவர அனுப்பு."

இப்போது இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். இடையில் ஒருமுறை பட்டறையில் யாரோ நீட்டியதை வாங்கிப் போட்டுவிட்டார்; மறுநாள் பாயிடம் தானே சொல்லிவிட்டு நடந்தார். திட்டு மங்கிவருகிறது. பரிசோதனைக்கு இன்னும் போய்வருகிறோம்.

சென்ற ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். ஊரிலிருந்து இவருடைய அண்ணர் கைபேசியில் அழைத்து, "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஏரியாண்ட நடந்துகினு கீறேன்" என்றார் இவர், மூச்சு வாங்க.

"ஆர் கதைக்கிறது?" என்றார் அண்ணர்.

இவர் நடப்பதை நிறுத்தினார். "நான்தான் அண்ணை" என்று மெல்லச் சொன்னார். முன்னால் போய்விட்ட பாய், கரையில் திரும்பி நின்று, இவருக்காகக் காத்திருந்தார்.