ஷீலா வளர்க்கும் கிருமிகள்

கொண்டாப்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பால் அனுப்புகிற ஷீலாவின் மாட்டுப்பண்ணைக்குப் போன ஞாயிறு போயிருந்தேன். பட்டான்செருவைத் தாண்டிப் போக வேண்டும். ஷீலாவுடையது தலைமுறை தலைமுறையாக செகந்தராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். ஜீடிமெட்லா மருந்து கம்பெனி ஒன்றில் கிருமிகளை ஒழிப்பதுதான் முன்பு ஷீலாவின் வேலை. இப்போது? கிருமி வளர்க்கிறார்!

விளையாட்டில்லை. கொட்டகை கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகிறது. அதில் ஓயாமல் காற்று ஊதுகிறார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் சாணம், மூத்திரம் எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றன. தெளிந்த தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரர் எல்லையாவின் தீவனப் புல்லுக்குப் பாய்கிறது.

சில வாரங்களுக்கு முன் ஷீலா வெளியூர் போயிருந்த நேரம், அக்கம்பக்கத்தில் கோமாரி நோய் என்று பேச்சு. கணவர் பிரகாஷ் – ஐ.டி.காரர், நல்ல மனுஷர் – பயந்துபோய், கேன் கேனாகக் கிருமிநாசினி ஊற்றிக் கொட்டகையைக் கழுவிவிட்டார். நமக்கெல்லாம் நெடி மூக்கில் ஏறினால்தானே சுத்தம்!

மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டி செத்துப்போனது. நுரை, நாற்றம்... எல்லையா குழாயை மூடிவிட்டார். தண்ணீரை விட வேறு இடமில்லை. தொட்டி பிழைக்காவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

"அவரைத் திட்டவே இல்லையா?" என்று ஷீலாவிடம் கேட்டேன்.

"காய்கு?" என்று செகந்தராபாத் பாணியில் ஆரம்பித்தார். "எதுக்கு சார் திட்டணும்? திட்டினா பாக்டீரியா எழுந்து வந்துடுமா? மாடுங்களுக்காகத்தானே செஞ்சாரு, பாவம்."

"அப்போ இனிமே மருந்தே வேண்டாமா?"

"நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க! நோய் வந்தா? முதல்ல சாணிய நல்லா வழிச்சு எடுக்கணும். அப்புறம் மருந்த அளந்து ஊத்தணும். அந்தத் தண்ணி மட்டும் தனிக் குழிக்குப் போகணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தனிக் குழி வெட்டினார். வேறொரு பண்ணையின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றை டிரம்மில் கொண்டுவந்து விட்டார். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல, கழுவின தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றினார். என்ன பொறுமை! எனக்கு வராது.

பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லையா வந்தார். தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார். ஷீலாவும் பிரகாஷும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பாகுந்தம்மா" என்று தெலுங்கில் பாராட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கிருமிநாசினி வைக்கும் அறைச் சாவி மட்டும் இன்னும் பிரகாஷுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை!