ஆந்தையாரின் தூக்க நோட்டு

பாட்டில் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ஆந்தையார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு என்று இருபத்திரண்டு வருடங்களாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கண்ணாடி உருக்கும் உலையை அணைக்க முடியாது என்பதால், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ராத்திரி என்று தனியாக ஒன்று கிடையாது. வெள்ளை விளக்குக்கு முன்னால் வரிசையாக ஓடும் பாட்டில்களில் விரிசல் விட்டதைக் கண்டுபிடித்துத் தட்டிவிடுவது அவர் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட வேலையில் கண்ணயர்ந்ததில்லை என்று பெருமை வேறு. அதை நாளுக்கு இரண்டு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

உடம்பு அந்தப் பெருமைக்கெல்லாம் மசியவில்லை. பசிக்க வேண்டிய நேரத்தில் பசிக்காது. பசிக்கிற நேரத்தில் ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். நெஞ்செரிச்சல் மாத்திரைச் சீட்டில் 'காலையில் சாப்பிட்ட பின்' என்று எழுதியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்திருக்கும் மனிதனுக்கு எது காலை என்று, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்திருக்கிறார்.

அதனால், தொழிற்சாலைக் கிடங்கில் பகல் வேலை ஒன்று காலியானதும் மனிதர் துள்ளிக் குதித்தார். ஒன்பதிலிருந்து ஐந்து வரைதான் வேலை. டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் தருகிறோம் என்றார் மேலாளர். தொழிற்சாலை டாக்டரம்மாவிடம் கையை நீட்டிவிட்டு, ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வரும்வரை, அதாவது மூன்று வாரம், எப்போது தூங்குகிறார், எப்போது விழிக்கிறார் என்று நோட்டில் எழுதி வர வேண்டும். தூக்கம் கெட்டிருந்தால் கடிதம் நிச்சயம்.

தூங்குகிற ஆள் தன் தூக்கத்தை எப்படி எழுதுவார்? நோட்டை மனைவியிடம் கொடுத்தார். அங்கேதான் கோட்டை விட்டார்.

அவருடைய பகல் தூக்கத்துக்குக் காவலே அவள்தான். மிக்சியைப் பழைய போர்வையில் சுற்றி, குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுவாள். மகளுக்குச் சிரிப்பு வந்தால் மாடிப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டும். அழைப்பு மணியை மாட்டிவிட்டு அதன் வயரைப் பிடுங்கி வைத்திருந்த வீடு அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். இப்படி ஈ எறும்பு அண்டாமல் காத்த தூக்கம், ஏழு மணி நேரம், ஏழேகால் மணி நேரம் என்று நோட்டில் ஜம்மென்று ஏறியது.

ஆந்தையார் பதறிப்போனார். ஏழை நாலாக்கிவிடு என்று கெஞ்சிப் பார்த்தார்.

“நீங்க நாலு மணி நேரம்தான் தூங்கினீங்கன்னா, மிச்ச மூணு மணி நேரம் நான் எதுக்கு வாசல்ல நின்னேன்?” என்றாள் அவள்.

அவளுக்கும் பெருமை என்று ஒன்று இருந்தது. இவர் திருத்தினாலும் திருத்திவிடுவார் என்று நோட்டைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூன்று வாரம் முடிந்து, ஓய்வு நாளன்று டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோதும் அவளே கூட வந்து, நோட்டை டாக்டரம்மா கையிலேயே கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா படிக்கப் படிக்க, ஆந்தையார் கிடங்கு வேலையைத் தலைமுழுகிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் வாரத்தில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

அதிகாலை 3.00: போன் செய்தேன். வேலையில் விழித்திருந்தார்.
5.15: மகளுக்குச் சமையல்.
7.20: வந்து படுத்தார்.
9.05: கேஸ் வண்டி. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன்.
11.30: மேல்வீட்டில் ஆணி அடித்தார்கள். போய்ச் சொன்னேன்.
1.15: புரண்டு படுத்தார். விழிக்கவில்லை.
2.35: எழுந்தார்.
இரவு 9.00: சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்க நல்லாத்தான் தூங்குறீங்க. இதை எழுதினவங்க எப்போ தூங்கினாங்க?”

ஆந்தையார் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலை ஷிப்ட் என்றால் நான்கு மணிக்கே அடுக்களையில் விளக்கு எரியும். மதிய ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்தால், தட்டுவதற்கு முன்பே கதவு திறக்கும். இரவு ஷிப்ட் இடைவேளையில் சொல்லிவைத்தாற்போல் மூன்று மணிக்கு ஒரு போன் வரும். தன் பெருமையைப் பேசும்போது அந்தப் போனைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஓடுகிற பாட்டிலில் மயிரிழை விரிசலைக்கூடப் பிடித்துவிடுகிற கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து பார்த்தால், பையை மடியில் வைத்தபடி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி உள்ளே கூட்டிவந்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அவருடையதைவிட முப்பது கூடுதல்.

“எனக்கு எப்படி டாக்டர்? நான் வீட்லதானே இருக்கேன்,” என்றாள்.

டாக்டரம்மா அவளுக்கு மாத்திரை எழுதினார். பிறகு மேலாளருக்குக் கடிதம். படிவத்தில் மனைவிக்கு இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதினார்: 'இந்த ஒரு வேலைக்கு வீட்டில் இரண்டு பேர் ஷிப்ட் பார்க்கிறார்கள். இருவரையும் பகலுக்கு மாற்றவும்.' மேலாளர் இரண்டு தடவை படித்தார், முணுமுணுத்தார், கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆந்தையார் அவளைப் படுக்கச் சொன்னார். அவள் துணி ஊறுகிறது, பாத்திரம் கிடக்கிறது என்று இழுத்தடித்தாள்.

“நான் வாசல்ல இருக்கேன். நீ தூங்கு,” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காவல் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் குரல் கொடுப்பதற்குள் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியிருந்தது. மேல்வீட்டுப் பந்து படிப்படியாகக் குதித்து இறங்கியது, பாய்ந்து பிடித்தார். அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கியது. அப்போது பக்கத்தில் எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம். நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தவர், சத்தம் தன் வீட்டுக்குள்ளிருந்து வருவதைக் கண்டு, பூனை நடை நடந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு நோட்டை எடுத்து, வெற்றுப் பக்கம் ஒன்றில் எழுதினார்:

மதியம் 1.40: குறட்டை. என்னுடையதைவிடப் பெரிது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.