கடைசி வரிசை

கண்டி பஸ் நிலையத்தில் ஹேவாஹெட்ட பஸ்ஸின் மின்பலகையில் கடைசி வரிசை விளக்குகள் எரியவில்லை. ஊர்ப்பெயர் காலில்லாமல் நின்றது. எனக்கு எரிச்சல் வந்தது. என் வரிசையும் இப்படித்தான் போனது.

ஹுன்னஸ்கிரியவில் சின்ன வயதில் நான் படித்த தோட்டப் பள்ளியில் கம்ப்யூட்டர் கிடையாது. டீச்சர் ஆளுக்கொரு கடதாசிக் கீற்றும் ஓர் எண்ணும் கொடுத்தார். கீற்றில் ஐந்து கட்டங்கள். அவற்றின் மேல் 16, 8, 4, 2, 1. கூட்டினால் நம் எண் வரும் கட்டங்களை அடுப்புக்கரியால் கறுப்பாக்க வேண்டும்.

"கறுப்பு ஒன்னு, வெள்ள பூச்சியம். இந்த ரெண்ட வச்சுத்தான் கம்ப்யூட்டரு படம் காட்டுது" என்றார். கீற்றுகளை வரிசையாகச் சுவரில் ஒட்டினால் ஒரு படம் வருமாம். என்ன படம் என்று சொல்லவில்லை.

எனக்குப் பத்து, கடைசி வரிசை. எட்டையும் இரண்டையும் கறுப்பாக்கினேன்; இடைவெளி விட்டு இரண்டு கறுப்புக் கட்டங்கள்.

"டேய், இவன்கிட்டதான் காலு இருக்கு!" என்று பக்கத்தில் இருந்த செல்வி கத்தினாள்.

அப்போது அப்பா வாசலில் நின்றார். கங்காணியோடு சண்டை, தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாமான்கள் லொறியில் ஏறிவிட்டன.

"ஒட்டுற வரைக்கும் இருங்கப்பா."

"லொறிக்காரன் இருப்பானா? வாடா!"

கையைப் பிடித்து இழுத்துப் போனார். கீற்று அந்தக் கையில்தான் இருந்தது.

அதன்பின் எந்தப் பள்ளியிலும் நான் நிலைக்கவில்லை. பல வருடம் கழித்து நாவலப்பிட்டி கடைத்தெருவில் செல்வியைக் கண்டதும் அது என்ன படம் என்றுதான் முதலில் கேட்டேன்.

"நீதான் காலத் தூக்கிட்டுப் போயிட்டியே! நீ வந்து ஒட்டுவேன்னு டீச்சரு அந்த எடத்த அப்படியே விட்டுட்டாங்க. கோழின்னான் ஒருத்தன், உக்கார்ற கதிரைன்னான் ஒருத்தன்."

"அண்ணே, ஏறுறீங்களா இல்லையா?" என்றான் ஹேவாஹெட்ட பஸ் கண்டக்டர்.

கோழியா, கதிரையா? தெரியாமலே ஏறினேன்.