பெட்டி பெட்டியாய்ப் போன கடிதம்

தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதன் நுனியை வந்தவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் நல்லரத்தினம் கடிதம் அடிக்க உட்காருவார். "இத விடாமப் பிடிச்சிட்டு இருங்க. நான் சொல்லுமட்டும் கீழ வைக்கப்படா" என்பார். வந்தவர்களும் ஐயரிடம் தர்ப்பை வாங்குவதுபோலப் பவ்வியமாக வாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். இணையம் அந்த வயரால்தான் வருகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கடிதம் அச்சாகி, கையெழுத்தும் விழுந்த பிறகே வயர் சுவருக்குத் திரும்பும்.

நாற்பத்தெட்டு வயது. எலும்பும் தோலுமான உடம்பு, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. செட்டிபாளையம் பிரதான வீதியோரம் ஒரு கதிரை, ஒரு வாங்கு, ஒரு கணினி, அச்சுப்பொறி, ஸ்கேனர், அவ்வளவுதான் கடை. 'கொமினிகேசன்' என்று முடியும் பெயர்ப்பலகை ஒன்று முன்பு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவரே அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். கல்யாண அட்டை, பாட்டு சிடி, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அங்கேதான் ஆகும். நான் வினாத்தாள் கூட்டம். வாத்தியார் என்ற மரியாதைக்கு வாங்கில் மின்விசிறிப் பக்கம் எனக்குக் கிடைக்கும்.

கணினிக்குள் இருக்கும் செயலிகளைப் பற்றி அவர் அயல்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். அதில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியவை, அவர் வாயில் 'ஜாவாக்காரர்', தனி வம்சம். பாட்டு இறக்கும் லைம்வயர், வீட்டுப் படம் கீறும் ஸ்வீட் ஹோம், தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் வேலை அட்டவணைக்குக் கேட்கும் கான்ட் புரொஜெக்ட். இந்த மூன்றும் ஸ்விங் என்ற ஒரே கருவிப்பெட்டியின் பொத்தான்களையும் ஜன்னல்களையும் வைத்துக் கட்டியவை என்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகள் கலாஜினி பிறகுதான் சொன்னாள். அவர் அதற்கு முன்பே சாயலைப் பிடித்துவிட்டார். "எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளையள் சேர். ஆறுதலாத்தான் எழும்பும். எழும்பினா மெஷினைத் திண்டு தீர்க்கும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரியா."

கடைசிக் குறை மெய். தமிழில் பெயர் வைத்த எதையும் அவருடைய கணினியில் அந்த ஜன்னல்கள் வெறும் சதுரப் பெட்டிகளாகக் காட்டின. சுனாமிக்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்த சனங்களுக்கு, கிடைக்கப்போகும் வீட்டை ஸ்வீட் ஹோமில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். குசினி என்று அவர் அடித்த இடத்திலும் பெட்டிகள்தான் நின்றன. "இந்தப் பெட்டிக்குள்ளதான் சமைக்கப் போறீங்க" என்று அவர் சொல்ல, அழுது களைத்த சனம் கொஞ்சம் சிரிக்கும். அந்தப் பெட்டிகள் பின்னால் அவருக்கே வினையாயின.

எந்தக் கோப்பையும் அழிக்கமாட்டார் மனிதர். அதற்குக் காரணம் இருக்கிறது. கடல் வருவதற்கு இரண்டு நாள் முந்தி, கணினியில் இடம் காணாது என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களை ஒரேயடியாக அழித்திருந்தார். கடல் வந்தது, தண்ணீர் கடைப்படியோடு நின்றது, கணினி நனையவே இல்லை. எட்டாம் நாள் ஒரு தாய் வந்து, மகனின் படம் உங்களிடம் இருக்குமே என்று கேட்டாள். அவளுடைய வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. "அழிச்சிட்டன் எண்டு சொன்னன் சேர்" என்று என்னிடம் சொன்னபோது அவர் அச்சுப்பொறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஆறில் வேறு தாய்மார் வரத் தொடங்கினார்கள். வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகேறி வருவார்கள். பிள்ளையை வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ ஆயுதக்காரர் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்கே முறையிடுவது என்று தெரியாமல் தாய்மார் எல்லா இடத்துக்கும் எழுதுவார்கள். பிடிக்க வந்த வான் வண்டியின் நிறம், இலக்கம், வந்தவர்களில் தெரிந்த முகத்தின் பெயர், எல்லாம் கடிதத்தில் இருக்கும். நல்லரத்தினம் ஒவ்வொன்றையும் தாயின் பெயரிலேயே தமிழில் சேமித்து வைத்தார். அறுபத்தொரு கடிதங்கள்.

லைம்வயரை அவர் புதிதாக நிறுவியபோது, எதை இணையத்தில் உள்ள மற்றவர்களோடு பகிரலாம் என்று அது கேட்டது. பாட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்ததால், இவர் கணினிக்குள் இருந்த முழு 'டி' பகுதியையும் காட்டிவிட்டார். செயலிமேல் பிழையில்லை, அது கேட்டது, இவர் கொடுத்தார். கடிதங்களும் அதற்குள்தான் கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவை அந்த ஜன்னலில் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தன. தனக்கே வாசிக்க முடியாததை வேறு யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம், விடுமுறையில் வந்த கலாஜினி தகப்பனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதியில், இங்கிருந்து மற்றவர்கள் எடுக்கும் கோப்புகளின் வரிசை ஓடும். அதில் ஒரு வரி முழுக்கப் பெட்டிகள். என்ன போகிறது என்று கேட்டாள். பாட்டாக்கும் என்றார். பாட்டுகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில்தானே பெயர் என்றாள் அவள். வயரை அவள் பிடுங்கியபோது எவ்வளவு போனது என்று காட்டும் பச்சைக் கோடு நிறைந்து முடிந்திருந்தது. "அப்பா, பெட்டி இந்த ஜன்னல்ல மட்டும்தான். எடுத்த ஆள் திறந்தா எல்லாம் தமிழாத்தான் தெரியும்" என்றாள்.

யாருடைய கடிதம் போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அறுபத்தொரு பெயரும் அங்கே ஒரே மாதிரிப் பெட்டிகள். எடுத்தவன் பாட்டுத் தேடிய வெளிநாட்டுப் பொடியனாகவும் இருக்கலாம். கடிதத்தில் பெயர் உள்ளவனின் ஆளாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து பயம் அவரோடு குடியிருந்தது. வான் சத்தம் கேட்டால் கை விசைப்பலகையை விட்டு மடிக்கு வந்துவிடும். தலைக்கவசம் கழற்றாத இரண்டு பேர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, இங்கே கடிதம் அடிப்பீர்களாமே என்று கேட்டார்கள். பாட்டு மட்டும்தான் என்றார். களுதாவளைப் பிள்ளையார் திருவிழாவுக்கு வைத்திருந்த பக்திப்பாட்டு சிடியை வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டு ஏற்றாத வெறும் சிடியைக் கொடுத்துவிட்டேனோ, திரும்பி வருவார்களோ என்று அவர் மூன்று நாள் வாசலையே பார்த்திருந்தார். பெயர்ப்பலகை கோழிக்கூட்டுக்குப் போனது அந்தக் கிழமைதான். நானும் பெரிய வீரனில்லை. இரண்டு மாதம் வினாத்தாளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சமாளித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அழித்துவிடுங்கள் என்று கலாஜினி மன்றாடினாள். அவர் அழிக்கவில்லை. கடிதங்களைச் சிடியில் ஏற்றி அரிசிப் பானைக்குள் தாட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தார். பதினொரு நாள், இரண்டு கரையும், வீடு வீடாகவும், இடம்பெயர்ந்தவர்கள் இருந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவும் தேடிப்போய் ஒரே விஷயத்தைச் சொன்னார்: போனது உங்கட கடிதமாகவும் இருக்கலாம்; அழிக்கச் சொன்னால் அழிக்கிறன். பலர் அழிக்கச் சொன்னார்கள். சிலர் கதவே திறக்கவில்லை. ஒரு தகப்பன் அடிக்கக் கை ஓங்கினாராம். அம்பிளாந்துறையில் சீதேவிப்பிள்ளை என்ற தாய் மட்டும், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "அழிக்காத மனே" என்றாள். அவளுடைய மகள் யசோதினியைப் பிடித்துப் போய் அப்போது ஐந்து மாதம்.

பகிர்வைக் கலாஜினி அன்றே நிறுத்திக் கொடுத்துவிட்டாள். இருந்தும் நல்லரத்தினத்துக்கு ஜன்னல்மேல் நம்பிக்கை வரவில்லை. வயரைக் கையில் கொடுக்கும் வழக்கம் அப்படி வந்ததுதான். பிடித்திருப்பவரின் கண் முன்னால் கடிதம் எங்கும் போகாது. அந்த உறுதி அவர்களுக்கா அவருக்கா என்று நான் கேட்டதில்லை.

போர் முடிந்து இரண்டு மாதமாகிறது. வவுனியா முகாம்களில் பிள்ளை இருக்குமோ என்று தாய்மார் திரும்பவும் வருகிறார்கள். வான்கள் இன்னும் ஓடுகின்றன; நல்லரத்தினத்தின் கை இன்னும் மடிக்கு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை நான் இருக்கும்போது சீதேவிப்பிள்ளை வந்தாள். வழக்கம்போல வயர் நுனியைக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது எதுக்கு என்று கேட்டாள். இதுக்குள்ளாலதான் அண்டைக்கு ஒரு கடிதம் போனது என்றார் அவர், தலை குனிந்து.

அவள் வயர் நுனியை விரலால் தடவினாள்.

"மூண்டு வருஷமா எத்தின இடத்துக்கு எழுதிற்றம் மனே. வாசிச்சம் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அண்டைக்குப் போன ஒண்டைத்தான் ஆரோ தேடி எடுத்திரிக்காங்க."

எழுந்து சுவரண்டை போய், துளையைத் தடவிக் கண்டுபிடித்து, 'டக்' என்று கேட்கும் வரை வயரை உள்ளே அழுத்தினாள். நல்லரத்தினத்தின் கை தன்பாட்டில் அந்தப் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. வீதியில் ஏதோ ஒரு வான் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை இழுத்து விசைப்பலகையில் வைத்து, யசோதினியின் பெயரை அடித்தார்.